மூன்றாம் அறிவு: கடலூர் சிப்காட்டில் மூக்கும் எண்ணும்

'நாற்றம்' என்ற சொல் தாழ்ந்துபோன கதையைத் தமிழ் எம்.ஏ. படித்த எல்லோரும் ஒரு பரீட்சையிலாவது எழுதியிருப்போம். பூவுக்கும் சந்தனத்துக்கும் உரியதாயிருந்த சொல் பிற்காலத்தில் அழுகலுக்கும் சாக்கடைக்கும் உரியதாகிவிட்டது. இதற்குப் பெயர் இழிபொருட்பேறு. ஐந்து மதிப்பெண். அந்தச் சொல் ஏன் சரிந்தது, யாருடைய மூக்கு அதைச் சரித்தது என்று எந்த வினாத்தாளும் கேட்டதில்லை.

தொல்காப்பிய மரபியலில் மூக்கால் அறிவது மூன்றாம் அறிவு. சிதலும் எறும்பும் அந்தப் படியில் நிற்கின்றன. அதற்கு மேலே கண், செவி, உச்சியில் மனம். மேலை நாட்டிலும் படிக்கட்டு ஏறக்குறைய இப்படித்தான். அலென் கோர்பேன் என்ற பிரெஞ்சு வரலாற்றாசிரியர் 1982இல் வெளியிட்ட நூலில், 18, 19ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் வசதி படைத்தவர்கள் தங்கள் மூக்கை எப்படிப் பழக்கிக்கொண்டார்கள், ஏழைகளை நாறுகிறவர்களாக எப்படிக் கட்டமைத்தார்கள் என்று விரிவாகக் காட்டியிருக்கிறார். மூக்கு என்பது உழைக்கிறவனுக்கும் விலங்குக்கும் உரிய கருவி. கண்ணும் கணக்கும் அறிஞனுக்கு. இந்தப் பிரிவினை நம் ஆலைகளின் கேட்டிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கோப்பிலும் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது என்பதற்காகத்தான் இத்தனை பீடிகை.

ஒரு ரசாயனம் ஆபத்தானதா, எவ்வளவு ஆபத்து, யாருக்கு ஆபத்து என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் உரிமை கடலூரில் யாரிடம் இருந்தது, யார் கைக்குப் போனது, யார் அதைக் கொஞ்சம் பிடுங்கிப் பார்த்தார்கள் என்பதே இங்கே என் அக்கறை. சூழலியல் பேசுகிற நண்பர்கள் கடலூரை ஆறும் காற்றும் கெட்ட கதையாக மட்டும் எழுதுகிறார்கள். தொழிற்சங்கத் தோழர்களுக்கு அது கூலி, போனஸ், நிரந்தரம் பற்றிய கதை. ரெண்டு கதைக்கும் நடுவில் ஒரு உடம்பு கிடக்கிறது. அது காலை ஷிஃப்டில் தொழிலாளியாகவும் சாயங்காலம் அதே காற்றடிக்கும் திசையில் குடிசையில் படுத்திருக்கும் ஊர்க்காரனாகவும் இருக்கிறது.

தமிழ்நாடு தொழில் முன்னேற்றக் கழகமான சிப்காட் 1971இல் தொடங்கப்பட்டது. கடலூர்த் தொழிற்பேட்டை 1980களின் முற்பகுதியில் வந்தது. கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் போகிற ரோட்டை ஒட்டி, உப்பனாற்றங்கரையில், 500 ஏக்கருக்கு மேல். பச்சையாங்குப்பம், ஈச்சங்காடு, குடிகாடு, காரைக்காடு, செம்மங்குப்பம், சங்கொலிக்குப்பம், சோனஞ்சாவடி என்று விவசாயக் கூலிகளும் மீனவர்களும் வாழ்ந்த ஊர்கள் பேட்டைக்குள்ளும் ஓரத்திலுமாக மாட்டிக்கொண்டன. வந்தவை பெரும்பாலும் ரசாயன ஆலைகள்: பூச்சிமருந்து, சாயம், பெயிண்ட், மருந்து மூலப்பொருள், ஃப்ளூரின் சேர்மங்கள், எலும்பிலிருந்து எடுக்கும் ஆஸின். ஏன் இங்கே என்பதற்கு நிபுணர்கள் துறைமுகம், ரயில், நிலத்தடி நீர் என்று காரணம் சொல்வார்கள். கழிவை வாங்கிக்கொள்ள ஒரு ஆறும், ஆற்றை வாங்கிக்கொள்ள ஒரு கடலும், கேள்வி கேட்கப் பழக்கப்படாத மக்களும் இருந்ததைப் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள்.

கடலூர் - சிதம்பரம் பஸ்ஸில் போனவர்களுக்கு அந்த இடம் தெரியும். கண்டக்டர் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலோரத்தில் தூங்குகிறவர் கூட எழுந்து கைக்குட்டையைத் தேடுவார். பல வருஷம் அந்த ரோட்டில் போய் வந்திருக்கிறேன். பஸ்ஸில் போகிறவனுக்கு அது பத்து நிமிஷம். பிறகு ஆலப்பாக்கம் வந்துவிடும், காற்று மாறிவிடும். ஊர்க்காரர்களுக்கு அது கடிகாரம். ராத்திரி எத்தனை மணிக்கு எந்தப் பக்கமிருந்து எந்த நாற்றம் வரும் என்று ஒரு கால அட்டவணையே அவர்களிடம் இருந்தது. அழுகின முட்டை, அழுகின கோஸ், நெயில் பாலிஷ், கனிந்து வெடித்த பழம், பொணம். இதெல்லாம் படிக்காதவர்களின் கற்பனை என்று அதிகாரிகள் சிரித்ததுண்டு. ஆனால் வேதியியல் பாடப்புத்தகமும் ஹைட்ரஜன் சல்ஃபைடை அழுகின முட்டை என்றுதான் அறிமுகப்படுத்துகிறது. மெர்கேப்டன் என்றால் அழுகின கோஸ். அசிட்டோன் நெயில் பாலிஷில் இருப்பதே. எஸ்டர்களுக்குப் பழ வாசனை. குடிகாட்டுப் பெண்களும் பாடப்புத்தகம் எழுதிய பேராசிரியரும் ஒரே உவமையைப் பயன்படுத்தினார்கள். பேராசிரியரின் உவமைக்கு அறிவியல் என்று பெயர். அந்தப் பெண்களின் உவமைக்குப் புகார் என்று பெயர்.

அரசாங்கம் அளக்காமல் இருக்கவில்லை. அளந்தது. கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், மிதக்கும் தூசி: காற்றுத் தரக் கண்காணிப்பு என்றால் அன்று வழக்கமாக அளக்கப்பட்டவை இந்த மூன்றும்தான். இவை நிலக்கரிப் புகைக்கும் வண்டிப் புகைக்கும் உரிய அளவைகள். கரைப்பான்களும் குளோரின் ஏறிய கரிமச் சேர்மங்களும் கையாளும் பேட்டையில் இவற்றை மட்டும் அளந்துவிட்டு 'வரம்புக்குள் இருக்கிறது' என்று சொல்வது, வீட்டில் பாம்பு புகுந்திருக்கிறது என்று கத்துகிறவனிடம் தேள் எண்ணிக் காட்டுவது மாதிரி. பென்சீனுக்கே தேசிய அளவில் காற்றுத் தர நிர்ணயம் வந்தது 2009இல்தான். அதற்கு முன்னால் அது காற்றில் இருந்தாலும் கோப்பில் கிடையாது. ஆக அறிக்கையில் பொய் எதுவும் இருக்காது. கேள்வியை மாற்றிவிட்டால் பொய் சொல்லத் தேவையே இல்லை.

இதை உடைத்தது ஒரு வாளி. 2003இல் இந்திய மக்கள் தீர்ப்பாயத்தின் சார்பில் ஓய்வுபெற்ற நீதிபதி ஜே. கனகராஜ், சிப்காட்டில் நடந்த சூழல், மனித உரிமை மீறல்கள் பற்றி அறிக்கை கொடுத்திருந்தார். மக்கள் சொன்னது பதிவாயிற்று. ஆனால் சாட்சியம் என்பது மறுக்கப்படக்கூடியது. அடுத்த வருஷம் ஊர்க்காரர்களே சிப்காட் பகுதி மக்கள் சூழல் கண்காணிப்பு என்ற பெயரில் நோட்டு எழுத ஆரம்பித்தார்கள். தேதி, நேரம், காற்றின் திசை, என்ன நாற்றம், உடம்புக்கு என்ன செய்தது. கூடவே வாளி. ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் டெட்லார் என்ற பொருளால் ஆன பை. சின்னப் பம்பு வைத்து வாளிக்குள்ளிருக்கும் காற்றை இழுத்தால் பை விரிந்து வெளிக்காற்றை உறிஞ்சிக்கொள்ளும். நாற்றம் அடிக்கிற அந்தச் சில நிமிஷத்துக் காற்றைப் பிடித்துக் கட்டிவைக்கலாம். பஞ்சாயத்துக்குத் திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொண்டுபோகிற மாதிரி.

இந்த வாளிக்கு ஒரு முன்கதை உண்டு. 1994இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையிலிருந்து 16 நாள் ரசாயனம் கசிந்தது. மக்கள் நோயில் விழுந்தார்கள். அதிகாரிகளின் கருவிகள் ஒன்றுமில்லை என்றன. அவர்களுக்காக வழக்காடிய எட்வர்ட் மாஸ்ரி என்ற வக்கீல், சாதாரண ஜனங்கள் கையாளக்கூடிய மலிவான கருவி ஒன்றைச் செய்யச் சொன்னார். அங்கிருந்து லூசியானாவின் கறுப்பின மக்கள் குடியிருப்புகளுக்கு, அங்கிருந்து கடலூருக்கு. கறுப்பர் ஊர்களும் நம் குப்பங்களும் காற்றடிக்கும் திசையில் இருப்பது தற்செயல் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஜெர்மானியச் சமூகவியலாளர் உல்ரிச் பெக் 1986இல் இடர்ச் சமூகம் பற்றி எழுதியபோது, வறுமைதான் படிக்கட்டு பார்க்கும், புகை எல்லோரையும் சமமாகத் தொடும் என்கிற பொருளில் வாதித்தார். நம்மூர்க் கருத்தரங்குகளில் இதை மெச்சிப் பேசுகிறவர்கள் ஒரு ராத்திரி ஈச்சங்காட்டில் தங்கிப் பார்க்கலாம். அந்த ஆலைகளின் முதலாளிகள் யாரும் அங்கே தங்கவில்லை.

2004 செப்டம்பரில் வெளிவந்த அந்த அறிக்கையின் பெயர் 'கேஸ் ட்ரபிள்'. வயிற்றுப் பொருமலுக்கு நாம் சொல்கிற அதே பேர். வாளியில் பிடித்த காற்றில் 22 நச்சு வேதிப்பொருட்கள் இருந்தன. அவற்றில் 8 புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. அதே மாதம் உச்சநீதிமன்றம் அமைத்த ஆபத்தான கழிவுகள் கண்காணிப்புக் குழு வந்து பார்த்தது. ஊர்க்காரர்களின் மூக்கு முதன்முறையாக அரசாங்கத்தைத் தன் கேள்விக்குப் பதில் சொல்ல வைத்தது. ஆனால் கவனிக்க: பை அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்குப் போய், எண்ணாகத் திரும்பி வந்த பிறகுதான் அது கேட்டது. குடிகாட்டின் மூக்குக்குக் கடலூர் கலெக்டர் ஆபீசில் நுழைய வெளிநாட்டு முத்திரை வேண்டியிருந்தது.

இனி அந்த எண்களுக்கு வருவோம். எண் வந்ததும் சண்டை முடிந்தது என்று நினைக்கிற தோழர்கள் இருக்கிறார்கள்.

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்டுக்கொண்டதன் பேரில் நாகபுரியின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம், அதாவது நீரி, செய்த ஆய்வு 2008இல் வெளிச்சத்துக்கு வந்தது. சிப்காட் பகுதி மக்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைந்தது 2000 மடங்கு அதிகம் என்று செய்தி. துண்டறிக்கை, சுவரொட்டி, கவிதை எல்லாவற்றிலும் இந்த ரெண்டாயிரம் ஏறியது. நானும் மேடையில் கேட்டுக் கைதட்டியிருக்கிறேன். ஆனால் எதைக் காட்டிலும் ரெண்டாயிரம் மடங்கு? சாதாரணமாக ஒரு இந்தியருக்குத் தன் வாழ்நாளில் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஒன்பதில் ஒன்று என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. அதற்கு ரெண்டாயிரம் மடங்கு என்றால் ஒரு ஆளுக்கு இருநூறு தடவைக்கு மேல் வர வேண்டும். அபத்தம். ஆலை நிர்வாகிகள் இந்த அபத்தத்தைச் சுட்டிக்காட்டி முழு அறிக்கையையும் கேலி செய்துவிட முடியும்.

அந்த எண் பொருள்படுவது ஒரே ஒரு வாசிப்பில்தான். இடர் மதிப்பீட்டாளர்கள் 'ஏற்கத்தக்க' அபாயம் என்று ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள்: பத்து லட்சம் பேரில் ஒருவர். அந்தக் கோட்டோடு ஒப்பிட்டால் ரெண்டாயிரம் மடங்கு என்பது பத்து லட்சத்தில் ரெண்டாயிரம், அதாவது ஐந்நூறு பேரில் ஒருவர். மற்ற காரணங்களால் வருவதற்கு மேல், இந்தக் காற்றை வாழ்நாள் முழுக்கச் சுவாசித்ததால் மட்டும் கூடுதலாக ஒருவர். ஐந்நூறு பேர் என்றால் ஒரு சின்னக் குப்பம். குப்பத்துக்கு ஒரு ஆள். சுவரொட்டிக்கு இது காணாது என்று நினைக்கலாம். எனக்கு ரெண்டாயிரத்தைவிட இந்த ஒன்றுதான் நடுக்கம் தருகிறது. அந்த ஒருவருக்கு வரும்போது அது பீடியால் வந்ததா, விதியால் வந்ததா, காற்றால் வந்ததா என்று யாராலும் பிரித்துக் காட்ட முடியாது. கம்பெனியின் பாதுகாப்பே அந்தப் பிரிக்க முடியாமையில்தான் இருக்கிறது.

பத்து லட்சத்தில் ஒன்று என்ற கோடு எங்கிருந்து வந்தது? ஏதோ உயிரியல் விதி என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், கால்நடைகளுக்குக் கொடுத்த மருந்து இறைச்சியில் எவ்வளவு மிஞ்சலாம் என்று முடிவு செய்வதற்காக 1973இல் பத்துக் கோடியில் ஒன்று என்று முன்மொழிந்தது. 1977இல் அதைப் பத்து லட்சத்தில் ஒன்று என்று தளர்த்தியது. மாட்டிறைச்சிக்காகப் போட்ட கோடு. அது அலுவலகம் அலுவலகமாகப் பயணம் செய்து உலகம் முழுக்க மனித உயிரின் அளவுகோல் ஆகிவிட்டது.

ஆலைக்குள் இருக்கிற எண்களின் வரலாறு இன்னும் மோசம். வேலையிடத்துக் காற்றில் எந்தப் பொருள் எவ்வளவு இருக்கலாம் என்ற பட்டியலை அமெரிக்காவின் அரசுத் தொழிற்சுகாதார வல்லுநர்களின் அமைப்பு ஒன்று 1946இல் முதலில் வெளியிட்டது. பிறகு வந்த நாடுகளின் பட்டியல்கள் பலவும் அதன் வாரிசுகள். போபாலுக்குப் பிறகு 1987இல் நம் தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட இரண்டாம் அட்டவணையும் அந்தச் சாயலில்தான் இருக்கிறது: எட்டு மணி நேரச் சராசரி, பதினைந்து நிமிஷ உச்சம். பாரி காசில்மன், கிரேஸ் சீம் என்ற இரு ஆய்வாளர்கள் 1988இல் அந்த அமெரிக்கப் பட்டியலைப் பிரித்துப் பார்த்தார்கள். 104 பொருட்களின் வரம்புகளில், கம்பெனிகள் கொடுத்த, எங்கும் வெளியிடப்படாத தகவல்கள் முக்கியப் பங்கு வகித்திருந்தன. திருடன் கொடுத்த கணக்கை வைத்துப் போலீஸ் எழுதிய பஞ்சநாமா.

ஒரு உதாரணத்தில் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் அது இன்று கடலூர்ச் சரக்கு. பிவிசி பிளாஸ்டிக்கின் மூலப்பொருள் வினைல் குளோரைடு. செம்மங்குப்பத்தில் 2009 முதல் பிவிசி ஆலை ஓடுகிறது. மூலப்பொருள் கப்பலில் வருகிறது. 1974 ஜனவரியில் அமெரிக்காவின் லூயிவில் நகரத்தில், குட்ரிச் கம்பெனியின் பிவிசி ஆலைத் தொழிலாளர் மூவர் கல்லீரலில் வரும் ஒரு மிக அபூர்வமான புற்றுநோயால் இறந்திருப்பது வெளியே வந்தது. கவனித்தவர் ஆலையின் டாக்டர் ஜான் கிரீச். நோய் அவ்வளவு அபூர்வமாக இல்லாதிருந்தால் மூன்று சாவும் மூன்று குடும்பத்துத் துக்கமாகப் போயிருக்கும். அப்போது அமெரிக்காவில் வரம்பு பத்து லட்சத்தில் 500 பங்கு. அந்த ஏப்ரலில் அது 50 ஆயிற்று. 1975இல் 1 ஆயிற்று. எலிகளில் புற்று வருகிறது என்று இத்தாலியில் சேசரே மால்தோனி கண்டறிந்த செய்தி அதற்கு முன்பே கம்பெனிகளின் கைக்கு வந்திருந்தது. ரகசியமாக வைத்திருப்பதாகத் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். ஒன்று என்று வைத்தால் தொழிலே அழிந்துவிடும் என்று ஒப்பாரி வைத்தார்கள். அழியவில்லை. ரெண்டு வருஷத்துக்குள் கருவிகளை மாற்றிக்கொண்டார்கள்.

1973இல் 500 வரை பாதுகாப்பு என்று சொல்லப்பட்ட அதே கல்லீரல் 1975இல் 1க்கு மேல் ஆகாது என்றாயிற்று. இடையில் மாறியது கல்லீரல் இல்லை.

இங்கே இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அண்மைக்காலமாக நம் சிறுபத்திரிகைகளில் மக்கள் அறிவு, வட்டார அறிவு, உடலின் அறிவு என்று ஒரு கொண்டாட்டம் நடக்கிறது. அறிவியலின் பெருங்கதையாடலைக் கட்டுடைத்துவிட்டால் அடியில் மக்களின் உண்மை பத்திரமாக உட்கார்ந்திருக்கும் என்கிற நம்பிக்கை. சிப்காட் இதை அனுமதிக்காது. வினைல் குளோரைடுக்கு லேசான இனிப்பு வாசனை; ஆனால் அது மனித மூக்குக்குத் தட்டுப்படுவது பத்து லட்சத்தில் ஏறத்தாழ 3000 பங்கு இருக்கும்போது. வரம்பு 1, மூக்கு 3000. மூக்கை நம்பினால் செத்தோம். ஹைட்ரஜன் சல்ஃபைடு இன்னும் கள்ளத்தனமானது: கொஞ்சமாக இருக்கும்போது நாறும், 100 பங்கைத் தாண்டினால் மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் நின்றுவிட்டது என்று நிம்மதியாக உள்ளே இறங்குகிறவன்தான் விழுவான். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. ஆகவே மூக்கா எண்ணா என்று கட்சி பிரிவதில் அர்த்தமில்லை. மூக்குள்ளவன் எண்ணைக் கேள்வி கேட்கவும், தன் எண்ணைத் தானே எடுக்கவும் முடிகிறதா என்பதே விஷயம்.

முடிகிறதா? ஊரில் ஓரளவு முடிந்தது. கேட்டுக்கு உள்ளே?

பேட்டையை ஒட்டிய ஒரு ஊரில், பதினெட்டு வருஷம் ஒப்பந்தக் கூலியாகப் பல ஆலைகளில் வேலை பார்த்த ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். முதலிலேயே சொல்லிவிட்டார்: "கம்பெனி பேரு போடாத தம்பி. எம் பையன் இப்ப அங்கதான் போறான்." போடவில்லை. என்ன ரசாயனம் கையாண்டீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்னது பெயர்கள் அல்ல, நிறங்கள். "நீல ட்ரம் வந்தா கண்ணு எரியும். வெள்ளப் பவுடர் மூட்ட வந்தா நாக்கு இனிக்கும், அன்னிக்கிச் சோறு எறங்காது. பச்ச மூடி போட்டது வந்தா கை தோலு உரியும்."

"அது என்னான்னு கேட்டதில்லியா அண்ணே?"

"கேட்டேனே. ட்ரம்முல எழுதியிருக்கு, படிக்கத் தெரியுமான்னான். தெரியும்னேன். இங்கிலீசு படிக்கத் தெரியுமான்னான்."

ஊரில் நாற்றம் வந்தபோது அவரும் சேர்ந்துதான் ரோட்டில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளே இருக்கும்போது எப்போதாவது சொன்னதுண்டா என்றேன். "உள்ள போனா அதுக்குப் பேரு நாத்தமில்ல தம்பி, வேல." சாயங்காலம் வெல்லம் கொடுத்தார்களாம், நஞ்சு முறிய. தூசியும் புகையும் உள்ள ஆலைகளில் வெல்லமும் வாழைப்பழமும் பாலும் கொடுக்கும் வழக்கம் நம் நாட்டில் பல இடத்தில் உண்டு. தொண்டைக்கு இதமாக இருக்கலாம். கல்லீரலுக்கு வெல்லம் பாதுகாப்பு என்று எந்த மருத்துவமும் சொல்லவில்லை.

இத்தாலியின் மோதெனாவில் பெர்னார்தினோ ராமத்ஸீனி என்ற மருத்துவர் 1700இல் தொழிலாளர் நோய்கள் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் மருத்துவர்கள் கேட்க வேண்டிய பழைய கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்க்கச் சொன்னார்: நீ என்ன தொழில் செய்கிறாய்? முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கேட்டாலும் கடலூரில் வருகிற பதில் 'கூலி'. அந்த ஒரு சொல்லுக்குள் நீல ட்ரம், வெள்ளை மூட்டை, பச்சை மூடி எல்லாம் காணாமல் போய்விடும். ஒப்பந்த முறை கூலியைக் குறைக்கிற உத்தி என்றுதான் நாம் பேசிவருகிறோம். நோயையும் ஆலையையும் இணைக்கிற நூலை அறுக்கிற உத்தியும் அதுதான். ரசாயனப் புற்று வெளியே தெரிய பத்து, இருபது வருஷம் ஆகும். அதற்குள் அந்த ஆள் எத்தனை ஒப்பந்தக்காரரிடம், எத்தனை ஆலையில்! பதிவேடு எங்கே? கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டு, பாதரசத்தில் வேலை பார்த்த 591 முன்னாள் தொழிலாளர்களுடன் ஹிந்துஸ்தான் யூனிலீவர் 2016இல் உடன்பாட்டுக்கு வந்தது. பதினைந்து வருஷப் போராட்டம். ஆனாலும் அங்கே ஒரே ஆலை, ஒரே நஞ்சு, எண்ணக்கூடிய பேர்கள். கடலூரில் அப்படி ஒரு 591ஐ யார் எண்ணுவது?

அறிவு பக்கத்தில் இல்லாமல் இல்லை. சிதம்பரத்தில் 1929இலிருந்து பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் கடல் உயிரியல் மையம் பரங்கிப்பேட்டையில். உப்பனாற்றுச் சேற்றிலும் மீனிலும் என்னென்ன உலோகங்கள் என்று அங்கே பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. எல்லாம் ஆங்கிலத்தில். ஆற்றில் வலை போடுகிறவருக்குத் தன் மீனின் வயிற்றில் இருப்பது தெரிய, பரங்கிப்பேட்டை ஆய்வேடு லண்டன் பத்திரிகைக்குப் போய் ஏதாவது ஒரு துண்டறிக்கை வழியாகத் திரும்பி வர வேண்டும். தமிழ்த்துறைக்காரர்களாகிய நாங்களும் இழிபொருட்பேறு எழுதிக்கொண்டிருந்தோமே தவிர, அந்த ஆய்வேடுகளில் ஒன்றைத் தமிழில் கொண்டுவரலாம் என்று எந்தத் துறைக் கூட்டத்திலும் பேசியதாகக் கேள்வியில்லை.

சிதம்பர ரகசியம் நினைவுக்கு வருகிறது. திரையை விலக்கினால் பொன் வில்வ மாலை. அதற்குப் பின்னே வெற்று வெளி. ரசாயனக் கம்பெனிகளின் வர்த்தக ரகசியமும் பல சமயம் அப்படித்தான். திரைக்குப் பின்னால் ஏதோ பெரிய விஞ்ஞானம் இருக்கிறது என்று நாம் பயந்து நிற்கிறோம். விலக்கினால் ஒன்றுமில்லை. அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 1984இல் ஆராய்ந்தபோது, புழக்கத்திலிருந்த தொழில்துறை வேதிப்பொருட்களில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை நச்சுத்தன்மைத் தகவல்கூட இல்லை என்று கண்டது. தனித்தனிப் பொருளுக்கே இந்த நிலை. நீல ட்ரம்மும் பச்சை மூடியும் ஒரே ஷிஃப்டில் ஒரே நுரையீரலுக்குள் போனால் என்ன ஆகும் என்பதற்கு எந்த அட்டவணையிலும் கட்டம் இல்லை. அந்த எட்டு மணி நேரச் சராசரியும், வேலை முடிந்து சுத்தமான காற்றுக்குத் திரும்பிப் போகிற ஒரு ஆளைக் கற்பனை செய்து போட்டது. டபுள் ஷிஃப்ட் பார்த்துவிட்டுக் குடிகாட்டில் படுக்கிற ஆளுக்கு அது பொருந்தாது.

1984 டிசம்பர் போபால் நம் சட்டத்தில் சில கதவுகளைத் திறந்தது. 1987 திருத்தத்தின் நான்காம் ஏ அத்தியாயம்: ஆபத்துகளைத் தொழிலாளருக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் வெளிப்படுத்தியாக வேண்டும். உடல்நலப் பதிவேட்டைத் தொழிலாளி பார்க்கலாம். ஆபத்து நெருங்குகிறது என்று தோன்றினால் எச்சரிக்கும் உரிமை உண்டு. ஆபத்தான செயல்முறை உள்ள ஒவ்வொரு ஆலையிலும் தொழிலாளரும் நிர்வாகமும் சரிபாதியாக உட்காரும் பாதுகாப்புக் குழு வேண்டும். நல்ல வாக்கியங்கள். ஆனாலும் 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளுக்குப் போட்ட மாசுக் குறியீட்டில் கடலூருக்கு 77.45, 70ஐத் தாண்டினாலே கடும் மாசுப் பகுதி. 2011 மார்ச்சில் புரோமின் கசிந்து ஏராளமானோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். 2021 மே 13 அன்று ஒரு பூச்சிமருந்து ஆலையில் வெடித்துத் தீப்பிடித்ததில் நால்வர் செத்தார்கள். 2025 மே மாதம் குடிகாட்டில் ஒரு சாயக் கழிவுநீர்த் தொட்டி நடுராத்திரியில் வெடித்து வீடுகளுக்குள் புகுந்தது.

அந்த வருஷமே நவம்பர் 21 அன்று தொழிற்சாலைச் சட்டம் போய், தொழிற்பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைமைகள் பற்றிய தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எச்சரிக்கும் உரிமை அதிலும் இருக்கிறது. ஆனால் பாதுகாப்புக் குழு என்பது அரசு ஆணையிட்டால் அமைக்க வேண்டியது என்றாகிவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய பிரிவுகள் முன்பு 20 பேர் இருந்தால் பொருந்தின. இப்போது 50 வேண்டும். 49 பேரை வைத்திருப்பது ஒப்பந்தக்காரர்களுக்குக் கஷ்டமான கணக்கல்ல.

2004இல் குடிகாட்டிலும் ஈச்சங்காட்டிலும் எழுதிய நோட்டுகளைப் போல ஒன்றை இனி கேட்டுக்கு உள்ளே போகிறவர்கள் எழுத வேண்டியிருக்கிறது. சங்கம் எழுத வைக்க வேண்டியிருக்கிறது. தமிழில்தான். தேதி, ஷிஃப்ட், ட்ரம்மின் நிறம், மூடியின் நிறம், அதன்மேல் எழுதியிருப்பதைப் பார்த்து வரைந்தாலும் சரி, எத்தனை மணி நேரம், கண்ணா தோலா தலையா, பக்கத்தில் நின்றவருக்கும் அப்படியா, அன்றைக்கு ஆளை அனுப்பிய ஒப்பந்தக்காரரின் பெயர்.